பருந்து நம்மைப் பார்க்காத படம்

கார்த்திகை மழை ஓய்ந்து மார்கழி பிறப்பதற்குள் நம் வானத்துக்கு விருந்தாளிகள் வந்து சேர்ந்துவிடுகிறார்கள். கஜகஸ்தான் புல்வெளிகளில் குஞ்சு பொரித்த பூனைப்பருந்துகள் நம் ஏரிக் கோரைகளின்மேல் தாழப் பறக்கின்றன. வடதுருவத்தை ஒட்டிய தூந்திர நிலத்தில் கோடையைக் கழித்த பைரி, ஏதோ ஓர் ஊரின் குடிநீர்த் தொட்டி உச்சியில் உட்கார்ந்து புறா தின்கிறது. உள்ளூர்க்காரர்களான செம்பருந்தும் கரும்பருந்தும் வைரியும் எப்போதும்போல இருக்கின்றன. வேட்டைப் பறவைகளைப் படமெடுக்க பரத்பூருக்கோ கபினிக்கோ ரயிலேற வேண்டும் என்று நினைப்பவர்கள், மொட்டைமாடியில் துணி உலர்த்தும்போது அண்ணாந்து பார்த்திருக்க மாட்டார்கள்.

இந்தக் கலையை ரசிக்கப் பழகுவதற்கு முன் ஒரு ரசனையைக் கைவிட வேண்டியிருக்கிறது. பறவைப் படங்களில் இன்று அதிகம் கைதட்டல் வாங்குவது, பருந்து கேமராவை நேருக்கு நேர் முறைக்கும் படம். அப்படி ஒரு படம் கண்ணில் பட்டால் பறவையின் உடம்பைக் கவனியுங்கள். இறகுகளை உடம்போடு ஒட்ட இறுக்கியிருக்கும், கழுத்து நீண்டிருக்கும், கிளையைப் பிடித்த கால்கள் மாறிக்கொண்டிருக்கும். அடுத்த நொடி ஓடப்போகிற பறவை அது. நாம் கம்பீரம் என்று பாராட்டுவது பெரும்பாலும் அதன் கலவரத்தைத்தான். நிம்மதியாக இருக்கும் பருந்து இறகுகளைத் தளர்த்தி, ஒரு காலை வயிற்று இறகுக்குள் மடக்கிக்கொண்டு வயலைப் பார்த்தபடி இருக்கும். பார்ப்பதுதான் அதன் பிழைப்பு. அது எதைப் பார்க்கிறது, என்ன செய்யப்போகிறது என்பது தெரிகிற படமே என் கணக்கில் நல்ல படம்.

ஆகவே வீட்டுக்குப் பக்கத்தில் எடுப்பது ஏதோ இரண்டாம்தரமான ஏற்பாடு இல்லை. அதில்தான் அனுகூலம் அதிகம். தினமும் அதே தெருவில், அதே வேளையில் போய்வருகிற ஆளுக்குப் பறவை பழகிவிடும். பால்காரரையும் ஆடு மேய்ப்பவரையும் பார்த்து எந்தப் பருந்தும் பறந்து போவதில்லை. நீங்களும் அந்தப் பட்டியலில் சேர்ந்தாக வேண்டும். அதற்குச் சில வாரங்கள் ஆகும். விலையுயர்ந்த லென்ஸ் எதுவும் அதைச் சுருக்கித் தராது.

மா. கிருஷ்ணனை (1912–1996) இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், யானைகளைத் தேடிக் காடு காடாக அலைந்தவர். கறுப்பு வெள்ளையிலேயே கடைசிவரை படமெடுத்தார். பல உறுப்புகளைத் தாமே கூட்டிச் சேர்த்த ஒரு பெரிய கேமராவுக்கு ‘சூப்பர் பாண்டெரோசா’ என்று பெயரும் வைத்திருந்தார். அதே மனிதர்தான் 1950 முதல் சாகும்வரை ஆங்கில நாளிதழ் ஒன்றில் எழுதிய பத்தியில், சென்னை வீட்டைச் சுற்றியிருந்த காகத்தையும் அணிலையும் அத்தனை அக்கறையோடு எழுதினார். வாசலில் பார்க்கத் தெரியாதவருக்குக் காட்டிலும் பெரிதாக ஒன்றும் தெரிந்துவிடாது என்று அவருடைய எழுத்தைப் படிக்கும்போதெல்லாம் தோன்றும்.

முதல் பறவையாக வைரியை எடுத்துக்கொள்ளுங்கள். படமெடுப்பவர்கள் சிக்ரா என்பார்கள். புறா அளவுதான் இருக்கும். வேப்பமரமும் மாமரமும் உள்ள எந்தத் தெருவிலும் ஒன்று இருக்கக்கூடும். இதைக் கண்ணால் தேடினால் கிடைக்காது. காதால் தேட வேண்டும். தவிட்டுக்குருவிகள் ஒரே மரத்தைச் சுற்றிக் கூச்சலிடுகின்றனவா, அணில் வாலைத் தூக்கித் தூக்கி விடாமல் கத்துகிறதா, காகங்கள் இரண்டு ஒரு கிளையை நோக்கி மாறி மாறிப் பாய்கின்றனவா? அங்கே இலைக்குள் வைரி இருக்கும். ஓணானுக்கோ குருவிக்கோ காத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருக்கும். கூச்சல் ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்கு நகர்ந்தால் வைரியும் நகர்கிறது என்று அர்த்தம். அதைத் துரத்திப் போகாமல், கூச்சல் வருகிற வழியில் முன்னாலேயே போய் ஒரு சுவரோரமாக நின்றுகொள்வது உத்தமம்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. இரட்டைவால் குருவி என்று நாம் சொல்லும் கரிச்சான், வைரியின் குரலைப் போலவே கத்தி மைனாக்களை விரட்டிவிட்டு அவை விட்டுப்போன இரையைக் கவ்விக்கொள்வதாகப் பறவையியலாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அக்காக்குயிலோ உருவத்தில் ஏமாற்றும். நெஞ்சுக் கோடுகள், வால் பட்டைகள், பறக்கும் விதம் எல்லாமே வைரியைப் போல இருக்கும். அலகைப் பாருங்கள். வைரிக்கு வளைந்த கொக்கி அலகு. குயிலுக்கு அது இல்லை. கிடைத்தது வைரிதான் என்று உறுதியானதும் கண்ணின் நிறத்தைக் கவனியுங்கள். வளர்ந்த ஆணுக்குக் கண் சிவப்பு, பெண்ணுக்கு ஆரஞ்சு கலந்த மஞ்சள், இளசுக்கு வெளிர்மஞ்சள். ஒரே தெருவில் எடுத்த படங்களை அடுக்கி வைத்தால், வந்துபோவது ஒரு பறவையா ஒரு குடும்பமா என்பது இந்தக் கண்களிலேயே தெரிந்துவிடும்.

இனி வெளிச்சம். குளிர்காலத்தின் பெரிய வரம் இதுதான். மார்கழி நடுவில் சென்னையில் நடுப்பகல் சூரியன்கூட அடிவானத்திலிருந்து சுமார் 54 டிகிரி உயரத்தைத் தாண்டுவதில்லை. சித்திரையில் அது நேராகத் தலைக்கு மேல் வந்துவிடும். பறக்கும் பறவையின் வயிற்றுப்புறம் அப்போது இருட்டடிக்கும். மார்கழி, தையில் வெயில் சாய்வாக வருவதால் இறக்கையின் அடிப்பக்கமும் துலங்கும். கீழே வெளிறிய மணலோ அறுத்த வயலின் தாளோ இருந்தால் இன்னும் நல்லது; தரையிலிருந்து திரும்பி வரும் வெளிச்சம் இறகின் ஒவ்வொரு பட்டையையும் காட்டிக்கொடுக்கும். இதற்காகவே அறுவடை முடிந்த வயலைத் தேடிப் போகலாம்.

வெளிச்சத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், காற்றைப் பற்றிப் பேசுவது குறைவு. பறவை காற்றை எதிர்த்தே எழும்பும், எதிர்த்தே இறங்கும். அந்தரத்தில் நின்று வேட்டையாடும்போதும் அதன் முகம் காற்று வரும் திசையில்தான் இருக்கும். இந்த மாதங்களில் நம் பக்கம் வீசுவது வாடை, வடகிழக்கிலிருந்து வருவது. காலைச் சூரியன் தென்கிழக்கில். கிழக்குக்கு முதுகைக் காட்டி நின்றால் வெளிச்சம், காற்று இரண்டும் உங்கள் பின்னாலிருந்து வரும். பறவை உங்கள் பக்கம் திரும்பி, முகத்தில் வெயில் வாங்கியபடி நிற்கும். ஆனால் கண் மட்டும் தரையில் ஓடும் எலியின் மேல் இருக்கும். அது உங்களைப் பார்க்கவும் இல்லை, உங்களுக்கு முதுகைக் காட்டவும் இல்லை. இயற்கை இப்படி ஒரு கோணத்தை வேறெந்தப் பருவத்திலும் இவ்வளவு சுலபமாக அமைத்துத் தருவதில்லை. மாலையில் அதே வாடை வீசினால் வெயில் முழுவதும் வாலில் விழும். கடலோர ஊர்களில் விடியற்காலை நிலக்காற்று இந்தக் கணக்கைக் குலைத்துவிடும். அங்கே தென்னங்கீற்றோ கட்சிக்கொடியோ எந்தப் பக்கம் ஆடுகிறது என்று பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

வேளையும் முக்கியம். பனி விலகுகிற நேரத்திலிருந்து ஏறக்குறைய ஒன்பது மணிவரை பருந்துகள் தாழ்வாகவே இருக்கும். நிலம் சூடாகிச் சூடான காற்று மேலெழத் தொடங்கியதும் அதன்மேல் ஏறி வட்டமடித்து, சிறிது நேரத்தில் புள்ளியாகிவிடும். அப்போது கீழே கானலும் வந்துவிடும். தூரத்துப் படம் எதுவுமே தெளியாது. லென்ஸைக் குறை சொல்லிப் பயனில்லை. வீட்டுக்குப் போய் இட்லி சாப்பிடலாம்.

இந்த வாடைக்கணக்கைப் பரீட்சித்துப் பார்க்கத் தகுந்த பறவை கருந்தோள் பருந்து. காகத்தைவிடச் சிறியது, வெள்ளையும் சாம்பலும் கலந்த உடம்பு, தோளில் கறுப்பு, வளர்ந்த பறவைக்கு ரத்தச் சிவப்பில் கண். சம்பா அறுவடை நடக்கும் தை மாதத்தில் வயலோர மின்கம்பிகளில் இதைக் காணலாம். எலியைக் கட்டுப்படுத்தப் பறவைகள் உட்காருவதற்கென்று வயலில் நட்டுவைக்கும் குச்சிகளிலும் வந்து உட்காரும். காலையிலும் அந்தியிலும்தான் வேட்டை. வயலுக்கு மேலே ஓரிடத்தில் நின்று இறக்கையை அடிக்கும்போது பாருங்கள்: இறக்கை அசைகிறது, வால் விரிந்து சுருங்குகிறது, உடம்பு மேலும் கீழும் ஆடுகிறது, தலை மட்டும் ஆணியடித்தாற்போல அப்படியே நிற்கிறது. அந்தத் தலை அசையாமல் இருப்பதால்தான் கீழே அசைவது அதற்குத் தெரிகிறது. பிறகு இறக்கைகளை மேலே உயர்த்தி வைத்துக்கொண்டு படிப்படியாக இறங்கும். ஒரு படி இறங்கும், நிற்கும், மறுபடி இறங்கும். பெரும்பாலோர் கடைசிப் பாய்ச்சலுக்காகக் காத்திருந்து அதைத் தவறவிடுகிறார்கள். இறக்கை உயர்ந்து கால்கள் தொங்கும் அந்த நடுப்படிதான் அழகு. அதற்குப் பொத்தானை அழுத்தப் போதிய அவகாசமும் கிடைக்கும். வெளியிலிருந்து வரும் கெஸ்ட்ரல் எனும் செந்நிற வல்லூறும் இப்படித்தான் அந்தரத்தில் நிற்கும். அதன் கண் கருமையானது. வெயில் நேராக விழுந்தால்தான் கண் இருப்பதே படத்தில் தெரியும்.

வயலில் யாரைக் கேட்பது என்றால், முதலில் அங்கே இருப்பவர்களைத்தான். “அண்ணே, இந்த வெள்ளப் பருந்து வழக்கமா எந்தக் கம்பியில உக்காரும்?” என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வரப்பில் இறங்குங்கள். தண்ணீர் பாய்ச்ச வருபவருக்கும் ஆடு ஓட்டுபவருக்கும் அது எந்தப் பக்கமிருந்து வரும் என்பதுவரை தெரிந்திருக்கும். வயல் அவர்களுடையது என்பதும் நினைவில் இருக்கட்டும். அறுவடை இயந்திரமோ உழவு டிராக்டரோ ஓடுகிற நாளைச் சொல்லி வைக்கச் சொல்லுங்கள். மண் புரளும் இடத்தில் கொக்குகளோடு கரும்பருந்துகளும் பின்னாலேயே வரும். அந்தக் கூட்டத்தில் உங்களை எந்தப் பறவையும் பொருட்படுத்தாது. வண்டியில் போனால் இறங்காதீர்கள். காரையோ ஆட்டோவையோ சட்டைசெய்யாத பருந்து, அதிலிருந்து ஒரு மனிதக் கால் தரையில் பட்டதும் பறந்துவிடும்.

கேமரா அமைப்புகளைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. உட்கார்ந்த பறவைக்கு ஷட்டர் வேகம் 1/500 போதும். பறப்பதற்கு 1/2000 அல்லது அதற்கு மேல். ஐஎஸ்ஓவைத் தானியங்கியில் விட்டுவிடலாம்; கொஞ்சம் மணல்மணலாகத் தெரிந்தால் குடிமுழுகிப் போகாது. வெளுத்த வானத்தின் முன் கரும்பருந்தை எடுக்கும்போது எக்ஸ்போஷரை ஒரு படி கூட்டுங்கள், இல்லாவிட்டால் வெறும் நிழல்தான் மிஞ்சும். செம்பருந்தின் வெள்ளைத் தலைக்கு எதிர்மாறாகச் சற்றுக் குறைக்க வேண்டும். வெள்ளை வெளிறிவிட்டால் இறகு தெரியாது. நீண்ட லென்ஸ் இல்லையா? பைனாகுலர் கண்ணாடியில் செல்போனை ஒட்டிவைத்து எடுத்தவற்றில் நல்ல படங்களைப் பார்த்திருக்கிறேன். உட்கார்ந்திருக்கும் பருந்து பறக்கப் போகிறதா என்பதற்கு ஒரு நாகரிகமற்ற, ஆனால் அநேகமாகப் பொய்க்காத அடையாளம்: முன்னால் குனிந்து, வாலைத் தூக்கி எச்சமிடும். அப்போது விரலைப் பொத்தானில் வையுங்கள்.

ஏரிப் பக்கம் வீடு இருப்பவர்களுக்குச் சேற்றுப் பூனைப்பருந்து. பன்னாட்டு ஈரநிலப் பட்டியலான ராம்சரில் 2022-இல் சேர்ந்த பள்ளிக்கரணை போன்ற சதுப்புகளிலும், கோரை மண்டிய சாதாரண ஊர் ஏரிகளிலும் காலை வேளையில் கோரை நுனியை உரசாத குறையாகப் பறக்கும். இறக்கைகளை லேசாக மேல்நோக்கி மடித்து, இரண்டு அடி அடித்து, மிதந்து, திடீரென்று திரும்பிக் கோரைக்குள் விழும். அது வருவதற்கு முன்பே நாமக்கோழிகளும் வாத்துகளும் சலசலத்து எழும். அந்தச் சலசலப்போடு சேர்த்து எடுத்தால் படம் முழுமை பெறும். பருந்தை மட்டும் பெரிதாக்கி எடுத்தால் அது எந்த ஏரியிலும் எடுத்த படமாகிவிடும். பழவேற்காடு, முட்டுக்காடு, தூத்துக்குடி உப்பளங்கள் பக்கம் இருப்பவர்களுக்கு விராலடிப்பான் கிடைக்கும். மீன் மட்டுமே தின்கிற பருந்து அது. கால்களை முன்னே நீட்டித் தண்ணீரில் விழுந்து மீனை எடுக்கும். பறக்கும்போது மீனின் தலை முன்பக்கம் வரும்படி திருப்பிப் பிடித்துக்கொள்ளும். காற்றைக் கிழிக்க அதுதான் வசதி. நீரில் விழும் படம் எல்லோருக்கும் ஆசை. நான் மீனைத் திருப்பிப் பிடிக்கும் அந்தச் சில நொடிகளையே பரிந்துரைப்பேன்.

அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்கள் மனம் தளர வேண்டாம். செல்போன் கோபுரத்தையும் தண்ணீர்த் தொட்டியையும் தினமும் ஒருமுறை பாருங்கள். விளிம்பில் வெள்ளை எச்சத் தாரையும், அடியில் புறா இறகுகளும் கிடந்தால் பைரி குளிர்காலத்துக்குக் குடிவந்திருக்கக்கூடும். ஐப்பசி வாக்கில் வந்து பங்குனிக்குள் கிளம்பிவிடும். அடுத்த ஆண்டும் அதே கோபுரத்துக்கு வரக்கூடிய பறவை. பாயும்போது மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டும் என்பது உண்மைதான். ஆனால் நாளில் பெரும்பொழுதும் அது சும்மா உட்கார்ந்திருக்கும். அந்தச் சும்மாவைப் படமெடுங்கள்: துருப்பிடித்த ஏணி, ஆன்டெனாக்கள், ஓரத்தில் கறுத்த மீசையோடு ஒரு தூந்திரப் பறவை.

கம்பி, கோபுரம், குப்பைமேடு இவற்றையெல்லாம் படத்திலிருந்து வெட்டிவிடுவதை நம்மவர்கள் ஒரு சாமர்த்தியமாக நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கரும்பருந்து வாழ்வது மீன்பிடித் துறைமுகத்திலும் கறிக்கடைச் சந்திலும்தான். அதை நீலவானத்தில் தனியாக நிறுத்தினால் பாதிக் கதை போய்விடும். கும்பாபிஷேகத்தில் கலசத்துக்கு நீர் வார்க்கும் நேரம் கருடன் வட்டமிடுகிறதா என்று ஊரே அண்ணாந்து பார்க்கும். வாலின் நுனி வட்டமாக இருந்தால் அது கருடனாகிய செம்பருந்து. நடுவில் பிளந்திருந்தால் கரும்பருந்து. இரண்டுக்கும் கன்னத்தில் போட்டுக்கொள்பவர்கள் உண்டு. அங்கே நீண்ட லென்ஸைக் கழற்றி வைத்துவிட்டு, கோபுரம், அண்ணாந்த முகங்கள், மேலே சிறியதாக ஒரு பருந்து என்று எடுத்தவரின் படத்தைத்தான் பல ஆண்டு கழித்தும் பார்ப்பார்கள்.

மார்கழியில் செம்பருந்து அலகிலோ காலிலோ சுள்ளி கொண்டு போவதைப் பார்த்தால் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். டிசம்பர் முதல் ஏப்ரல்வரை அது கூடு கட்டிக் குஞ்சு வளர்க்கும் காலம். கூட்டைத் தேடிப் போகாதீர்கள். நாம் நின்ற இடத்தைக் காகம் கவனித்துக்கொண்டிருக்கும். தாய்ப்பருந்து அகன்றதும் முட்டை போய்விடும். கூட்டுப் படங்களை ஏற்காத போட்டிகளும் உண்டு. கோழிக்குடல் போட்டுப் பருந்துகளை வரவழைத்து எடுப்பதும் இப்போது சில நீர்நிலைகளில் நடக்கிறது. அறமெல்லாம் ஒருபுறம் இருக்கட்டும், அந்தப் படங்கள் அலுப்பூட்டுகின்றன. எல்லாப் பறவையும் ஒரே கோணத்தில் ஒரே குடலை நோக்கி வருகின்றன. பருந்து தானாக எதைத் தேடும் என்பது அங்கே மறைந்துவிடுகிறது.

சில சமயம் படங்களுக்கு வேறு வேலையும் வந்துசேரும். மதுரை மேலூர்ப் பக்கம் உள்ள அரிட்டாபட்டி, 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டபோது, அதன் சிறப்புகளில் லகர் வல்லூறு, ஷாஹீன் வல்லூறு, பொனெல்லிக் கழுகு மூன்றும் சொல்லப்பட்டன. அதே வட்டாரத்தில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் நடந்து, ஊர்மக்கள் போராடி, 2025 ஜனவரியில் ஒன்றிய அரசு அதை ரத்து செய்தது. ஒரு பாறையில் எந்தப் பறவை இருக்கிறது என்பதைக் காலாகாலத்தில் பதிவு செய்து வைத்திருப்பது அப்படிப்பட்ட வேளையில் கைகொடுக்கும்.

அதற்கு அழகான படம் வேண்டும் என்பதில்லை. பொங்கல் விடுமுறையின் நான்கு நாட்களில் 2015 முதல் ஆண்டுதோறும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. வீட்டு மாடியிலிருந்து குறைந்தது கால்மணி நேரம் பார்த்தும் இ-பேர்டு செயலியில் பட்டியல் இடலாம். பூனைப்பருந்துகளின் பெண்களையும் இளசுகளையும் இனம் பிரிப்பது அனுபவசாலிகளுக்கே தகராறு. அங்கேதான் உங்கள் மங்கலான படம் பேசும். இறக்கை நுனியில் விரல்கள் நான்கா ஐந்தா? கழுத்தைச் சுற்றி வெளிர்நிறப் பட்டை இருக்கிறதா? அடிப்பக்கக் கோடுகள் எப்படி ஓடுகின்றன? இவை தெரிந்தால், தூரத்தில் கோணலாகப் போன அந்தப் பறவைக்கு யாராவது பெயர் சொல்லிவிடுவார்கள். அழிக்கும் பொத்தானை அழுத்துவதற்கு முன் அதையும் பட்டியலோடு சேர்த்து ஏற்றிவிடுங்கள்.